சொந்த டிரக்கோடு தொழிலுக்குத் திரும்புகிறவருக்கு டி.ஏ.டி. ஒன் எந்த அளவுக்குப் பயன்படும்?

சில ஆண்டுகள் டிரக் தொழிலை விட்டு விலகியிருந்துவிட்டு, சொந்த வண்டியோடும் தன் பெயரிலேயே பெற்ற ஆபரேட்டிங் அத்தாரிட்டி என்ற சரக்கு ஏற்றும் அரசு அனுமதியோடும் அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்குத் திரும்பும் ஓட்டுநர், முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே பணம் கட்டத் தொடங்கும் சேவைகளில் லோடு போர்டும் ஒன்று. சரக்கு உரிமையாளருக்காக வண்டி தேடும் இடைத்தரகரான புரோக்கரும் காலி வண்டியோடு நிற்கும் உரிமையாளரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் இடம் அது. அவற்றுள் நீண்ட வரலாறு கொண்ட டி.ஏ.டி. ஒன் சேவையைத் தொழிலுக்குத் திரும்பிய நாளிலிருந்து நான் பயன்படுத்தி வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோடு பிடிப்பதற்காக மட்டும் இதற்குச் சந்தா கட்டுகிறவர் ஏமாற்றமடைவார். வாடகை நிலவரத்தையும் புரோக்கர் பணம் கொடுக்கும் ஒழுங்கையும் தெரிந்துகொள்வதற்காகக் கட்டுகிறவருக்கு அந்தப் பணம் வீணாகாது.

இந்தச் சேவை 1978ஆம் ஆண்டு ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரிலுள்ள ஜூபிட்ஸ் டிரக் நிறுத்தத்தில் 'டயல்-ஏ-டிரக்' என்ற பெயரில் தொடங்கியது. டிரக் நிறுத்தங்களின் திரைகளில் லோடு விவரங்கள் ஓடியதையும், ஓட்டுநர்கள் அவற்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டு தொலைபேசியை நோக்கி விரைந்ததையும் மூத்த ஓட்டுநர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். இப்போது அந்தத் திரை ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இருக்கிறது. அதனால் கிடைத்த வசதி பெரியது. கூடவே வந்த போட்டியும் பெரியது. நல்ல வாடகை உள்ள ஒரு லோடு பதிவான உடனேயே பலர் அந்தப் புரோக்கரை அழைக்கிறார்கள் என்பதால், நாம் அழைக்கும்போது அது பெரும்பாலும் வேறொருவருக்குப் போயிருக்கும்.

விலகியிருந்த காலத்தில் தொழிலில் நேர்ந்த மாற்றங்களில் ஓட்டும் நேரத்தைத் தானாகக் குறிக்கும் மின்னணுப் பதிவுக் கருவியைப் போல நாளின் கணக்கை மாற்றியது வேறில்லை. 2017 டிசம்பர் 18 முதல் கட்டாயமான இந்தக் கருவி, 2019 டிசம்பர் 16க்குப் பிறகு பழைய தானியங்கிப் பதிவுக் கருவிகளுக்குக்கூட இடமில்லாமல் செய்துவிட்டது. 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய எஞ்சின் உள்ள வண்டிகள் போன்ற சில விலக்குகளைத் தவிர, தாளில் நேரம் எழுதிய காலம் முடிந்துபோனது. 11 மணி நேரம் ஓட்டலாம், அதையும் 14 மணி நேர வரம்புக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி முன்பும் இருந்ததுதான். ஆனால் இப்போது சக்கரம் உருண்ட ஒவ்வொரு நிமிடமும் கருவியில் பதிவாகிறது. கிடங்கு வாசலில் நான்கு மணி நேரம் காத்திருந்தால் அந்த நேரம் அன்றைய வருமானத்திலிருந்து கழிகிறது. ஆகவே ஒரு லோடை மைல் வாடகையை மட்டும் பார்த்து மதிப்பிடும் பழைய பழக்கம் இன்று போதாது. அது எத்தனை மணி நேரத்தை விழுங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காத்திருப்பு நேரத்தை லோடு போர்டு எனும் இந்தப் பலகையை மட்டும் நம்பி முன்கூட்டி அறிய முடியாது. ஏற்றும் இடம், இறக்கும் இடம், நேர ஒதுக்கீடு ஆகியவற்றைப் புரோக்கரிடம் கேட்டுக்கொண்டு, வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட காத்திருப்புக்குத் தரப்படும் தொகையை வாடகை உறுதிச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு.

தேடும் முறை எளிமையானது. புறப்படும் ஊர், போக விரும்பும் ஊர் அல்லது மாநிலம், டிரெய்லர் வகை, லோடு எடுக்கக் காலியாக எத்தனை மைல் போகத் தயார் என்பவற்றைக் கொடுத்தால் பட்டியல் வருகிறது. காலி ஓட்டத்தின் தூரம் ஒவ்வொரு லோடுக்கும் தனியாகத் தெரிவதை இந்தச் சேவையின் மிகப் பயனுள்ள அம்சங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். எடுத்துக்காட்டாக, 600 மைல் தூரத்துக்கு 1,380 டாலர் தரும் லோடு மைலுக்கு 2.30 டாலர் என்று தோன்றும். அதை எடுக்க 120 மைல் காலியாகப் போக வேண்டியிருந்தால் மொத்தம் 720 மைல் ஆகிறது. உண்மையான வாடகை 1.92 டாலருக்கு இறங்கிவிடுகிறது. கேலனுக்கு ஆறரை மைல் ஓடும் வண்டிக்கு அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 111 கேலன் டீசல் வேண்டும். புரோக்கர் சொல்லும் தொகையில் எரிபொருள் கூடுதல் கட்டணமும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும் என்பதால் டீசலுக்கென்று தனியாக எதுவும் வராது. சிலர் லோடைப் பதிவிடும்போது வாடகையைக் குறிப்பிடுவதேயில்லை. அவர்களை அழைத்துப் பேச வேண்டும், அல்லது கடந்து போக வேண்டும். ஒரே சரக்கைப் பல புரோக்கர்கள் பதிவிட்டிருப்பதும் உண்டு. பட்டியல் நீளமாக இருப்பதை வைத்துச் சந்தையில் சரக்கு மிகுதி என்று முடிவு கட்டிவிட முடியாது.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு வாடகைச் சராசரிகளில் இருக்கிறது. ஒரு வழித்தடத்தில் அண்மைக் காலத்தில் புரோக்கர்கள் வண்டிக்காரர்களுக்குக் கொடுத்த தொகையின் சராசரியையும் அதன் மேல் கீழ் வரம்புகளையும் இது காட்டுகிறது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவருக்கு இதைவிட வேண்டிய தகவல் வேறு எதுவுமில்லை. அவர் மனதில் இருப்பது பழைய வாடகை. டயர், பழுதுபார்ப்பு, காப்பீடு, டிரெய்லர் தவணை ஆகியவற்றின் விலைகளோ இன்றைய விலைகள். 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் வாடகை உச்சத்தில் இருந்தபோது கேள்விப்பட்ட தொகைகளை நம்பி வண்டி வாங்கித் திரும்பியவர்கள், அதன்பின் வந்த சரிவில் மிகவும் சிரமப்பட்டார்கள். வண்டி வாங்குவதற்கு முன்பே, தான் ஓட நினைக்கும் வழித்தடங்களின் சராசரியை ஒருவர் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். ஏற்கெனவே சந்தா வைத்திருக்கும் நண்பரோடு உட்கார்ந்து பார்த்தாலும் போதும்.

சரக்குச் சந்தையின் நிலையை வண்ணங்களால் காட்டும் வரைபடம் இந்தத் தகவலோடு சேரும்போதுதான் ஒரு நடையின் முழுக் கணக்கு புரிகிறது. ஒரு பகுதியில் காத்திருக்கும் வண்டிகளுக்கு எத்தனை லோடுகள் இருக்கின்றன என்ற விகிதத்தை அது காட்டுகிறது. ஃபுளோரிடாவை எடுத்துக்கொள்வோம். மக்கள் மிகுதியாக வாழ்ந்து பொருள்களை நுகரும் மாநிலமாகவும், வெளியே அனுப்பும் சரக்கு ஒப்பீட்டளவில் குறைந்த மாநிலமாகவும் இருப்பதால், உள்ளே போகும் லோடுக்கு நல்ல வாடகை கிடைக்கும். திரும்பி வரும் லோடுக்கு அடிமட்ட வாடகைதான். வசந்த காலத்தில் காய்கறி அறுவடை நடக்கும் வாரங்களில் மட்டும், குறிப்பாகக் குளிர்பதன டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு, இந்த நிலை மாறுகிறது. முன்பு சொன்ன 1,380 டாலர் லோடு ஃபுளோரிடாவுக்குள் போவதாகவும், திரும்பி வரும் 600 மைலுக்கு 840 டாலர் மட்டுமே கிடைப்பதாகவும், ரிட்டர்ன் லோடு எடுக்க இன்னும் 30 மைல் காலியாக ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். 1,350 மைலுக்கு 2,220 டாலர், அதாவது மைலுக்கு 1.64 டாலர். போகும்போது கண்ணில் பட்ட 2.30 எங்கே, கைக்கு வந்த 1.64 எங்கே? ரிட்டர்ன் லோடு கிடைக்கும் ஊரைப் பார்த்தே முதல் லோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை உணர்வின்படி செய்யாமல் எண்களோடு செய்ய இந்த வரைபடம் உதவுகிறது.

பேரம் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நாம் பார்க்கும் அதே சராசரியைப் புரோக்கரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். சராசரி என்பது அவருக்குத் தொடக்கப் புள்ளி. வார இறுதிக்கு முந்தைய மாலை, எடுக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்ட லோடு, எளிதில் வண்டி கிடைக்காத சிற்றூர் ஆகியவை நம் பக்கம் வலுச் சேர்ப்பவை. அவற்றை எந்த எண்ணும் காட்டாது. சரக்கு உரிமையாளர் புரோக்கருக்குக் கொடுத்தது எவ்வளவு என்பதைப் பார்க்கும் உரிமை கூட்டாட்சி விதிகளின் 371.3ஆம் பிரிவின்படி வண்டிக்காரருக்கு உண்டு. ஆனால் பல ஒப்பந்தங்களில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால், கையெழுத்திடும் முன் முழுவதும் படிக்க வேண்டும்.

புரோக்கரின் கடன் மதிப்பெண்ணும், அவர் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறார் என்ற விவரமும் லோடின் அருகிலேயே தெரிவது இரண்டாவது பெரிய நன்மை. ஒவ்வொரு புரோக்கரும் 75,000 டாலர் பிணைத்தொகை வைத்திருக்க வேண்டும் என்பது 2013 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. கேட்க அது பெரிய தொகையாகத் தோன்றலாம். ஒரு புரோக்கர் நொடித்துப்போனால் அவரிடம் பணம் வரவேண்டிய வண்டிக்காரர்கள் அனைவரும் அந்த ஒரே தொகையைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே பணம் தருவதில் தாமதம் கூடிக்கொண்டே போகும் புரோக்கரைத் தொடக்கத்திலேயே தவிர்ப்பது, பின்னர் பிணைத்தொகைக்கு விண்ணப்பிப்பதைவிட எவ்வளவோ மேல். விலைச்சீட்டை ஃபேக்டரிங் நிறுவனத்திடம் கொடுத்து உடனே பணம் பெறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மதிப்பெண் குறைந்த புரோக்கரின் சீட்டை அந்நிறுவனங்கள் ஏற்பதில்லை.

மோசடியைப் பொறுத்தவரை எந்தப் பலகையும் முழுப் பாதுகாப்பு தராது. வேறொரு நிறுவனத்தின் பெயரைத் திருடிக்கொண்டு லோடை வாங்கி, அதை மறு கைக்கு விற்றுவிட்டு மறைந்துபோகிறவர்கள் தொழில் முழுவதிலும் பெருகியிருக்கிறார்கள். கூட்டாட்சி மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தின் சேஃபர் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை எடுத்து, அந்த எண்ணுக்கே அழைத்து லோடை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மின்னஞ்சலில் வந்த எண்ணை நம்பக் கூடாது. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. சில நிமிடங்கள் போதும்.

திரும்பி வருகிறவர் எதிர்கொள்ளும் பெரிய தடை ஒன்றை இந்தச் சேவையால் நீக்க முடியாது. சாலையில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், புதிதாகப் பெற்ற அத்தாரிட்டி புதியதாகவே கருதப்படுகிறது. அத்தாரிட்டிக்கு மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகாதவர்களுக்கு லோடு தருவதில்லை என்ற கொள்கையைப் பல புரோக்கர்கள் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் லோடுகளில் கணிசமானவை தொடக்கத்தில் நமக்கு எட்டாதவை என்ற கணக்கோடுதான் முதல் சில மாதங்களின் செலவைத் திட்டமிட வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு 7,50,000 டாலர்தான். பெரும்பாலான புரோக்கர்களோ 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் 1,00,000 டாலர் சரக்குக் காப்பீடும் கேட்கிறார்கள். முதல் 12 மாதத்துக்குள் நடக்கும் புதிய கேரியர் (அத்தாரிட்டி பெற்றுச் சரக்கு ஏற்றிச் செல்பவர்) பாதுகாப்புத் தணிக்கைக்கான தயாரிப்பு, 2020 ஜனவரியில் தொடங்கிய போதைப்பொருள் மற்றும் மதுச் சோதனைக் களஞ்சியத்தில் பதிவு, அதற்காக ஒரு சோதனைக் கூட்டமைப்பில் சேர்வது ஆகியவற்றையும் முடித்துவிட்டுப் பலகையைத் திறப்பது நல்லது. லோடு கிடைத்த பிறகு காகிதம் தேட நேரமிருக்காது.

வேறொரு கேரியரின் அத்தாரிட்டியின் கீழ் வண்டியை ஒப்பந்தத்தில் விட்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சந்தா தேவையில்லை. லோடு தேடுவது அந்தக் கேரியரின் வேலை. தொழிலின் இன்றைய நடப்பை மீண்டும் பழகிக்கொள்ள ஓராண்டு அவ்வாறு ஓட்டிவிட்டு, பின்னர் சொந்த அத்தாரிட்டிக்கு மாறுவது பலருக்குப் பொருத்தமான வழி என்றே நான் நினைக்கிறேன். சொந்த அத்தாரிட்டி உள்ளவர்களுக்கு டிரக்ஸ்டாப் என்ற போட்டிச் சேவையும் உண்டு. வாடகையை முன்கூட்டியே காட்டிக் கட்டணமின்றி லோடு பதிவுசெய்ய விடும் ஊபர் ஃபிரெய்ட் 2017இல் வந்தது. அதையும் கைப்பேசியில் வைத்துக்கொள்வதில் இழப்பு எதுவுமில்லை.

டி.ஏ.டி. ஒன் சேவையில் பல கட்டணத் திட்டங்கள் இருக்கின்றன. வாடகைச் சராசரியும் கடன் விவரமும் எவ்வளவு விரிவாகத் தெரியும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். லோடுப் பட்டியலை மட்டும் தரும் குறைந்த கட்டணத் திட்டம் தொழிலுக்குத் திரும்புகிறவருக்குப் பரிந்துரைக்கத் தக்கதன்று. வழித்தடச் சராசரியும் புரோக்கரின் கடன் விவரமும் சேர்ந்து வரும் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே வழித்தடத்தில் ஒழுங்காகப் பணம் தரும் சில புரோக்கர்கள் கிடைத்து, அவர்களே நேரடியாக அழைக்கத் தொடங்கியபின், கட்டணம் குறைந்த திட்டத்துக்கு இறங்கிக்கொள்ளலாம்.