ஜெய்சல்மேரில் கூடாரம்: சாமா, குரியா?

ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேர் போகிறேன் என்று சொன்னால் யாரும் கோட்டையைப் பற்றிக் கேட்பதில்லை, "எந்த கேம்ப்?" என்றுதான் கேட்கிறார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் கேட்பதும் அதையேதான். மணல்மேட்டில் தங்கப் பெரும்பாலும் போவது இரண்டே இடம்: ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாம், தென்மேற்கே இன்னும் கொஞ்சம் தள்ளி குரி. சாமில் சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் கும்பலோடு தங்கினேன், குரியில் போன டிசம்பரில் குடும்பத்தோடு. என் ஓட்டு குரிக்குத்தான், ஆனால் எல்லாருக்கும் அது சரிப்படாது.

சாமில் சாலையோரமாக வரிசை வரிசையாகக் கூடாரங்கள். சுவிஸ் டென்ட் என்பார்கள். உள்ளே கட்டில், மெத்தை, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, ஒட்டினாற்போல் பாத்ரூம், வாளியில் வெந்நீர் என்று லாட்ஜ் ரூமுக்குத் துணியால் சுவர் வைத்த மாதிரிதான் இருக்கும். பேக்கேஜும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே: சாயங்காலம் ஒட்டகச் சவாரி, காசு கூடக் கொடுத்தால் ஜீப், ராத்திரி நடுமுற்றத்தில் தீ மூட்டி ஆட்டம் பாட்டம், தால் பாட்டி சூர்மா என்கிற ராஜஸ்தானிச் சாப்பாட்டோடு பஃபே, காலையில் டீ. இந்தப் பக்கத்துப் பரம்பரைப் பாடகர்களான மாங்கணியார் கலைஞர்கள் காமைச்சா என்கிற வில் வாத்தியத்தை மடியில் வைத்து இழுத்துப் பாடியபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது, அது சரியாக இரண்டு பாட்டு நீடித்தது, அப்புறம் ஸ்பீக்கரைத் திருப்பி இந்திப் பாட்டு போட்டுவிட்டார்கள், பக்கத்து கேம்ப்காரர்களும் போட்டிக்குப் போட, பதினோரு மணிவரை இரண்டு டிஜேவுக்கு நடுவில் படுத்துக் கிடந்தோம். அது போதாதென்று, ஆட்டோக்காரர் பிடித்துக் கொடுத்த அந்த கேம்பில், பேசிய தொகையில் ஒட்டகம் சேராது என்று அங்கே போனதும்தான் சொன்னார்கள். எது எது சேர்த்தி என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் மணலுக்கு சாம்தான். மேடுகள் உயரம், அலை அலையாகப் போகும், பிள்ளைகள் உருண்டு விளையாடலாம். வயதானவர்களுக்கும் அந்த பாத்ரூம் பெரிய நிம்மதி. போகிற வழியில் கொஞ்சம் திரும்பினால் குல்தரா, பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன ஊர், கூரையில்லாத மஞ்சள் கல் வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

குரி ஒரு கிராமம். மண் பூசிய வட்டக் குடிசைகள், வீட்டுக்காரர்களே சமைத்துப் போடுகிற சாப்பாடு, கேர் சாங்ரி என்கிற பாலைவனக் காய்க் கறியும் கம்பு ரொட்டியும், மேலே நெய். மணல்மேடு சின்னதுதான், சாமைப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். நாங்கள் குடிசையை விட்டு மணலிலேயே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தோம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் சென்னை மொட்டை மாடியில் எனக்கு ஒரு மங்கல் திட்டுதான் தெரியும், அங்கே ஆறு மீனையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. குளிர் மட்டும் பொல்லாதது, இரண்டு ரஜாய்க்குள்ளும் மூக்கு விறைத்துப் போனது. விடிவதும் மெதுவாகத்தான், டிசம்பரில் ஏழே கால் தாண்டித்தான் சூரியன், நம்மூரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் பின்னால். எழுந்து பார்த்தால் கட்டிலைச் சுற்றி வண்டுகள் நடந்த தடம், தையல் போட்ட மாதிரி. கழிப்பறைக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, என் மாமியார் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டுமே பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதி. கானமயில் (Great Indian Bustard) என்கிற பெரிய பறவை உலகத்தில் மிச்சமிருப்பதே இருநூறுக்கும் குறைவு, அதில் பெரும்பங்கு இந்தப் பக்கம்தான். அதை நினைத்தால் அந்த டிஜே இன்னும் எரிச்சலாகிறது.

எதை எடுத்தாலும் கூடாரத்துக்கு ஒரே ராத்திரி போதும். மணல்மேடும் கோட்டையும் அழகாக இருப்பது ஒரே நேரத்தில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. அன்றைக்கு நீங்கள் ஒட்டகத்தின் மேல் இருந்தால், மஞ்சள் கல் தேன் நிறமாக மாறுவதைப் பார்க்க இன்னொரு சாயங்காலம் வேண்டும். 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டை, உள்ளே இன்னும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள், சமணக் கோயில்களுக்கே அரை நாள் ஆகும். ஊரில் தங்கும் இரவுக்குக் கோட்டைக்கு வெளியே அறை எடுங்கள். உள்ளே உள்ள விடுதிகளின் தண்ணீர் சரியான வடிகால் இல்லாமல் குன்றுக்குள் இறங்கி அடித்தளத்தை அரிக்கிறது என்பது பல வருடக் கவலை.

கும்பலாக, பிள்ளைகளோடு, இரைச்சல் பரவாயில்லை என்றால் சாம், பௌர்ணமியை ஒட்டி. இரண்டு மூன்று பேராக, வானம் பார்க்க என்றால் குரி, அமாவாசையை ஒட்டி. நான் அமாவாசை பார்த்து டிக்கெட் போட்டதை வைத்துப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.