"ஆசிரியர் லைசன்ஸ்" எண்டு காசு கட்ட முதல் இதை வாசியுங்க

கல்முனையில ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதுறன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில வெளிவாரியா பி.ஏ. முடிச்சு நாலு வருஷம். டீச்சராகிற ஆசை சின்ன வயசில இருந்தே இருக்கு, ஆனா வேலையை விட்டா வீட்டில அடுப்பு எரியாது. டீச்சர்மாரைப் பயிற்றுற கல்வியியற் கல்லூரி தாழங்குடாவிலயும் இருக்கு, அட்டாளைச்சேனையிலயும் இருக்கு. அது ஏ.எல். பெறுபேற்றில எடுக்கிறது. ரெண்டு வருஷம் உள்ளுக்குத் தங்கிப் படிச்சு, மறுகா ஒரு வருஷம் பாடசாலையில பயிற்சி. எனக்குச் சரிவராது.

இந்த நேரத்திலதான் மட்டக்களப்பு டவுனில ஒரு நோட்டீஸ் கண்ணில பட்டது: வேலை செய்துகொண்டே பத்து மாதத்தில் ஆசிரியர் லைசன்ஸ், சனிக்கிழமை மட்டும் வகுப்பு. போய்க் கேட்டன். "தங்கச்சி, நீங்க டிகிரிக்காரி. இதுவும் கையில இருந்தா வலயக் கல்வி அலுவலகத்தில கேள்வியே கேக்க மாட்டாங்க" எண்டார் அங்க இருந்த சேர். சுவரில தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதியிற மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின்ட பதிவுச் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குது. நான் கிட்டப் போய் வாசிக்கல்ல. வாசிச்சிருந்தா அது அவங்கட கணினிப் பாடநெறிக்கு எடுத்தது எண்டு அண்டைக்கே விளங்கியிருக்கும்.

85,000 ரூபா, மூண்டு தவணை. முதல் தவணைக்கு என்ட காப்பு அடகுக்குப் போச்சு. முதலாளியிட்டக் கெஞ்சி சனிக்கிழமை லீவு எடுத்து, அதுக்குப் பதிலா ஞாயிறு கடையில ஸ்டொக் எண்ணினன்.

வகுப்பைச் சொல்லவேணும். ஒரு சேர் போட்டோக்கொப்பித் தாளை வாசிப்பார், நாங்க கோடு போடுவம். கற்பித்தல் பயிற்சி எப்ப எண்டு கேட்டுக்கேட்டு ஒன்பதாம் மாசம் வந்தது. எந்தப் பாடசாலைக்கும் போகல்ல. எங்களில மூண்டு பேரைப் பிள்ளைகள் மாதிரி இருத்தி, பதினைஞ்சு நிமிஷம் பின்னம் படிப்பிக்கச் சொல்லி போனில வீடியோ எடுத்தாங்க. முன்னுக்கு இருந்த அக்காவுக்கு பேரப்பிள்ளை இருக்கு. "மிஸ், விளங்கல்ல" எண்டு அவ கையைத் தூக்க நானும் சிரிச்சிட்டன்.

சான்றிதழ் தடிச்ச தாள், தங்க முத்திரை. வலயக் கல்வி அலுவலகத்தில ஒரு உத்தியோகத்தர் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மறுகா என்னைப் பார்த்தார். "மகள், எங்கட நாட்டில லைசன்ஸ் எண்டு ஒண்டு இல்லையே" எண்டார். பட்டதாரி ஒராள் அரச பாடசாலைக்குப் போறதெண்டா இலங்கை ஆசிரியர் சேவைக்கு ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரவேணும், விண்ணப்பிச்சு, போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகத்துக்குப் போய் நியமனம் எடுக்கவேணும். பட்டதாரிகள் கனபேர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை நியமனத்துக்குப் பிறகுதான், வார இறுதியில படிக்கிறாங்க. திறந்த பல்கலைக்கழகத்திலயும் அது இருக்கு. உண்மையான பாடசாலையில, மேற்பார்வையாளர் வந்து பின்னுக்கு வாங்கில இருந்து பார்க்கிற கற்பித்தல் பயிற்சி அதில இருக்கு. பட்டமோ பட்டப்பின் டிப்ளோமாவோ எண்டு யாரும் சொன்னா, தாற நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டிருக்கா எண்டு பாருங்க. இதெல்லாம் அவர் பத்து நிமிஷத்தில சொல்லி முடிச்சார், ஒரு சதமும் கேக்கல்ல.

காசைத் திருப்பிக் கேக்கப் போனா, "படிப்பிச்சம்தானே" எண்டாங்க. பற்றுச்சீட்டைப் பார்த்தா, மூண்டிலயும் "கருத்தரங்குக் கட்டணம்" எண்டு எழுதியிருக்கு. பாடநெறியின்ட பேரே இல்ல. பொலிசில முறைப்பாடு எழுதிப்போட்டு, ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இணக்கம் பேசுற மத்தியஸ்த சபைக்கு அனுப்பினாங்க. அது கூடினது ஒரு பள்ளிக்கூடத்தில. பிள்ளைகள் இருக்கிற வாங்கில முழங்கால் இடிக்க இருந்து காத்திருந்தன், கரும்பலகையில வெள்ளிக்கிழமைத் திகதி அழியாம இருந்தது. அவங்க பக்கத்தில ஒருத்தரும் வரல்ல. ரெண்டாந்தரம் கூப்பிட்ட நாளுக்கும் வரல்ல. இணக்கம் ஏற்படல்ல எண்டு சபை எழுதித் தந்த சான்றிதழை வைச்சுத்தான் இனி வழக்குப் போடலாம்.

இதே வகுப்பில இருந்த ஆக்கள், எறியாம வைச்சிருக்கிற பற்றுச்சீட்டோட உள்பெட்டிக்கு வாங்க. சட்டத்தரணியிட்ட எல்லாரும் சேர்ந்து போவம். அந்த அக்காவும் வாறா.