ஒன்பது வருடம், மூன்று தோல்வார்கள்

சவரக்கத்தியால் மழிக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. கத்தி அன்றிலிருந்து ஒன்றேதான், ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த, 5/8 அங்குல அகல அலகுள்ள கத்தி. அதைத் தீட்டும் தோல்வார் மட்டும் இப்போது இருப்பது மூன்றாவது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கத்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், வாரைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் முகம் எரிகிறதா இல்லையா என்பது என் அனுபவத்தில் பெரும்பாலும் வாரைப் பொறுத்தது.

சாணைக்கல் இரும்பைத் தேய்த்துக் கூர் உண்டாக்குகிறது. மழிக்கும்போது அந்த மெல்லிய கூர் அங்கங்கே லேசாக மடங்கும். அதை நிமிர்த்தி வழவழப்பாக்குவதுதான் வாரின் வேலை. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் ஒழுங்காக வாரில் தீட்டினால் கல்லை அடிக்கடி தொட வேண்டாம். நான் வாரத்துக்கு மூன்று முறை மழிக்கிறேன், கல்லில் வைப்பது ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான்.

முதல் வார் ஆன்லைனில் வாங்கியது. இரண்டு அங்குல அகலம், தொட்டால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. அந்த மென்மையைத் தரம் என்று நினைத்துவிட்டேன். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் அது. இழுத்துப் பிடித்தால் நீளும், நடுவில் தொய்யும். தொய்ந்த தோல் கூரைச் சுற்றி வளைந்துகொள்வதால், தீட்டத் தீட்டக் கூர் மழுங்கும். கத்தியின் அலகோ ஏறக்குறைய மூன்று அங்குல நீளம். இரண்டு அங்குல வாரில் முழு அலகும் படவேண்டுமென்றால் குறுக்காக இழுத்துக்கொண்டே போக வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவருக்கு அது கஷ்டம்.

இரண்டாவது வாரத்திலேயே அதை வெட்டிவிட்டேன். இழுப்பின் முடிவில் கத்தியை முதுகின் மேல் புரட்ட வேண்டும், அப்போது கூர் தோலை விட்டு மேலே எழும்பும். அவசரத்தில் கை முந்திக்கொண்டது. நகக்கண் அளவில், பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. அதன் உதடு மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அந்த உதட்டில் மோதினால் கூர் பாழாகும். உள்ளே துளி பசை வைத்து அழுத்தி, காய்ந்தபின் 400 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 600 போட்டு விரல் தடவினால் தட்டுப்படாத அளவுக்குத் தேய்த்தேன். அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஓடியது. முதல் வாரில் வெட்டு விழாதவர்கள் மிகக் குறைவு. அதனால் தொடக்கத்தில் விலை குறைந்ததாகவே வாங்குங்கள், ஆனால் மூன்று அங்குல அகலத்தில் வாங்குங்கள்.

இரண்டாவதைச் சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் தேடி எடுத்தேன். மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும் என்று மட்டும் தெரிந்து போனேன். கடைக்காரர் ஒரு தோலை விரித்து ஓரத்தை மடக்கிக் காட்டினார். “வயித்துப் பக்கம் இழுபடும் சார், முதுகுல வெட்டித் தரேன்.” ஒன்பது வருடத்தில் கேட்ட ஆலோசனைகளில் இதைவிடப் பயன்பட்டது வேறில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது நம் ஊரில் பழைய தொழில். அப்படி வளர்ந்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோலில் நடுப்பகுதி பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பலாக இருக்கும், பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பு. மூன்று மில்லிமீட்டர் தடிமன் போதும். வழவழப்பான மேல்பக்கத்தில்தான் தீட்ட வேண்டும்.

நல்ல தோல், அதை நானே கெடுத்தேன். இரண்டாவது கோடையில் வறண்டது போலத் தெரிந்ததும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். தோல் கருத்து, ஊறி, கத்தியைப் பிடிக்கும் இழுவை போய்விட்டது. மழைக்காலத்தில் காறல் நாற்றமும் சேர்ந்தது. ஊறிய எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை.

மூன்றாவதும் அதே வகைத் தோல்தான், 22 அங்குல நீளம். பின்பக்கம் கேன்வாஸ் வைத்து, மேலே வளையம் போட்டு செருப்புத் தைப்பவரிடம் தைத்து வாங்கினேன். ஆறு வருடம் தாண்டிவிட்டது. புதிதில் ஒரு கண்ணாடி பாட்டிலைத் தோல் மேல் அழுத்தி உருட்டி, மேற்பரப்பை இறுக்கிக்கொண்டேன். எண்ணெய் கிடையாது. தீட்டும் முன் கழுவி நன்றாகத் துடைத்த உள்ளங்கையால், தோல் வெதுவெதுப்பாகும் வரை முப்பது தடவை தேய்ப்பேன். கையில் இருக்கும் பிசுக்கே அதற்குப் போதும். ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் கூரில் கீறல் விழும் என்பதால் இந்தத் தேய்ப்பு சோதனையும்கூட. வருடத்துக்கு ஒருமுறை, ரொம்ப வறண்டால் மட்டும், மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் நாலு சொட்டு.

கேன்வாஸில் 25 முறை, தோலில் 50 முறை போய்வருவேன். முதுகும் கூரும் இரண்டும் தோலில் படிந்திருக்க வேண்டும், முதுகு முன்னே போக வேண்டும், கத்தியின் கனமே போதும். சரியாகப் போனால் ஒரே சீரான சரசரப்புக் கேட்கும். சத்தம் மாறினால் நின்று, கையைப் பார்த்து, மறுபடி தொடங்குவேன். வேகம் தானாக வரட்டும். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பேஸ்ட்டை இந்த வாரில் தொடவிட்டதில்லை. அது இரும்பைத் தேய்க்கும். அதற்குத் தனியாக ஒரு பால்சா மரக்கட்டை வைத்திருக்கிறேன்.

குளியலறையில் மாட்டாதீர்கள், மடித்தும் வைக்காதீர்கள். என் வார் ஹால் ஜன்னல் பக்கம், வெயில் படாத ஆணியில் தொங்குகிறது. ஐப்பசி மழையில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். உலர்ந்த துணியால் வாசலில் வைத்துத் துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் விட்டால் போய்விடுகிறது. இந்த வருடம் கீழ் ஓரம் கொஞ்சம் சுருண்டிருக்கிறது. அந்த இரண்டு அங்குலத்தை விட்டுத் தள்ளித் தீட்டுகிறேன், மீதி இன்னும் தட்டையாகவே இருக்கிறது.