குட்டியா, வளர்ந்த பூனையா? தத்தெடுக்கும் முன் ஓர் ஒப்பீடு

மீட்புக் குழுவிடம் பூனை கேட்டுப் போகும் பலரின் முதல் கேள்வி "குட்டி இருக்கா?" என்பதுதான். முதல்முறை நானும் அப்படிக் கேட்டுத்தான் குட்டி வாங்கி வந்தேன். அடுத்த முறை நான்கு வயதுக் கடுவன். இரண்டையும் வளர்த்த பிறகு, பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடப்பவர்களுக்கு வளர்ந்த பூனையைத்தான் சொல்வேன்.

முக்கியக் காரணம் குணம். தன்னார்வலர்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே பூனைகளை வைத்துப் பராமரிக்கிறார்கள். மடியில் உட்காருமா, நாயைக் கண்டால் சீறுமா, கதவு திறந்தால் பாய்ந்து ஓடுமா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. குட்டி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மனிதரோடு ஒட்டும் இயல்பு பெரும்பாலும் 2 முதல் 7 வாரங்களுக்குள் அமைகிறது. அந்த நாட்களில் ஆள் கைபட்டு வளர்ந்ததா என்று மட்டும் அவசியம் கேளுங்கள்.

குட்டிக்குச் செலவும் அலைச்சலும் கூடுதல். 6–8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். மீதி ஊசிகள் நம் பொறுப்பு. கருத்தடை ஆகியிருக்காவிட்டால் தள்ளிப்போடாதீர்கள், பெட்டைக் குட்டி 4 மாதத்திலேயே சினைப்படக்கூடும். வளர்ந்த பூனைக்கு இவை பெரும்பாலும் முடிந்திருக்கும். சான்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

பகலில் குட்டியைத் தனியே விடுவதும் கஷ்டம். நாளுக்கு மூன்று, நான்கு வேளை சாப்பாடு. நூல், ரப்பர் பேண்ட் எதையும் விழுங்கிவிடும். "ரெண்டா எடுத்துக்கோங்க" என்று குழுவினர் சொன்னால் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டிகள் ஒன்றிடம் ஒன்று கற்கின்றன. என் ஒற்றைக் குட்டி அதை என் கையில்தான் கற்றது.

வளர்ந்த பூனையில் கஷ்டம் முதல் சில நாட்கள்தான். என் கடுவன் மூன்று நாள் கட்டிலுக்கடியை விட்டு வரவில்லை. காலையில் கிண்ணம் காலியாக இருந்ததால் நிம்மதியாக இருந்தேன். ஒளிவது பரவாயில்லை; ஒருநாள் முழுக்க ஒன்றுமே தின்னாவிட்டால் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நான்காம் இரவு விளக்கை அணைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். மெல்ல வந்து, நெற்றியால் என் முழங்காலை ஒருமுறை முட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

எதை எடுத்தாலும், அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள். பழகிய வாசனை இருந்தால் புது வீட்டில் பயம் சற்றுக் குறையும். கடுவனோடு வந்த நீலத் துண்டு கிழிந்துவிட்டது. இன்னும் அதன்மேல்தான் தூங்குகிறான்.