கிளைம்பிங் சொல் அட்டை செட், இங்கிலீஷ் - ஜெர்மன்: வாங்கலாம்

பாம்பன்ல ஏறுறதுக்கு பாறை ஏது, மணலும் கடலும்தான், ஆனா எங்க பசங்க கர்நாடகாவுல பாதாமி போய் பாறை ஏறுறாங்க, அங்க வர்ற ஜெர்மன்காரங்களோட பேசணும்னுதான் இத வாங்குனேன். உண்மையிலேயே நல்லா இருக்கு.

ரெட்பாயிண்ட் அட்டை ரொம்ப பிடிச்சுது. 1975 வாக்குல ஜெர்மனியில ஃபிராங்கன்யூரா பாறையில குர்ட் ஆல்பர்ட்ங்கிறவரு, பாறையில அடிச்ச ஆணிய பிடிக்காம கயித்துல தொங்காம முழுசா ஏறி முடிச்ச ரூட்டுக்கு அடியில சிவப்புப் புள்ளி வெச்சாரு, அதான் ரோட்புங்க்ட், அதையே இங்கிலீஷ்காரங்களும் எடுத்துக்கிட்டாங்க. ஆன்சைட், ஃப்ளாஷ் ரெண்டுமே முதல் தடவையே விழாம ஏறுறதுதான், முன்னாடியே யாராச்சும் டிப்ஸ் சொல்லிட்டா அது ஃப்ளாஷ். லீடுக்கு (கயித்த மாட்டிக்கிட்டே முதல் ஆளா ஏறுறது) ஃபோர்ஷ்டீக், விரிசலுக்கு ரிஸ், சிம்னிக்கு (ஆள் உள்ள நுழையுற அளவு அகலமான விரிசல்) கமீன், இப்படி போகுது.

ஆனா ஏறும்போது ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட்டு சொல்ற சொல்லையெல்லாம் ஒரே அட்டையில திணிச்சிட்டாங்க, உயிர் சம்பந்தப்பட்டதுப்பா, அதுக்குத்தான் நிறைய இடம் குடுத்திருக்கணும். மேல இருந்து 'ஷ்டாண்ட்'னு கத்துனா ஏறுனவரு ஆங்கர்ல, அதாவது பாறையில இருக்குற பிடிமானத்துல, தன்னைக் கட்டிக்கிட்டாரு, கீழ இருக்குறவரு பிலேய, அதாவது விழாம காக்க கயித்த பிடிச்சிருக்குறத, எடுக்கலாம்னு அர்த்தம், இங்கிலீஷ்ல 'ஆஃப் பிலே'. இத மொதல்ல மனப்பாடம் பண்ணுங்க.

லேமினேட் இல்ல, உப்புக்காத்துல ஓரமெல்லாம் ஊறிடுது. தம்பிங்களா, வாங்குன கையோட ராம்நாட்ல குடுத்து லேமினேட் போட்டுக்கோங்க.