மாரிக்கு முன் மூட்டையாகவா, வாரம் ஒரு பையாகவா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் முதல் பிள்ளையை எதிர்பார்க்கிற வீடுகளில் பிள்ளைச் சாமான் வாங்குவதில் இரண்டு கட்சி இருக்கும். காத்தான்குடியிலோ கல்முனை பஜாரிலோ மொத்தமாக வாங்கி அலுமாரியை நிரப்பு என்பது ஒன்று. முடிய முடியச் சந்திக் கடையில் எடுப்போம் என்பது மற்றது. 2022இல் பால்மாவுக்கு அலைந்தவர்கள் அநேகமாக முதல் கட்சியில்தான் இருப்பார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் சாமான்களில் வைத்திருக்கக்கூடியவையும் உண்டு, வைத்திருக்க வைத்திருக்க உதவாமல் போகிறவையும் உண்டு. அதைப் பிரிக்காமல் கட்சி கட்டினால் இரண்டு பக்கத்துக்கும் நட்டம்தான்.

கட்டி எறிகிற நெப்பியை, நம் பேச்சில் பம்பர்ஸை, எடுப்போம். பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து போகும். எட்டென்றே வைத்தாலும் மாதம் 240. இந்தக் கணக்கைக் கேட்டதும் தகப்பன்மார் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிறந்த பிள்ளைக்கென்று விற்கிற அளவு பெரும்பாலும் 5 கிலோ வரைதான். 3 கிலோவில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கிற பிள்ளை இரண்டு மாதத்துக்குள் அதைத் தாண்டிவிடும். பிறந்த எடையே கூடவென்றால் இன்னும் சீக்கிரம். போதாததற்கு, எந்த பிராண்ட் ஒத்துவரும் என்பது கட்டிப் பார்த்தால்தான் தெரியும். தொடை இடுக்கில் இலாஸ்டிக் பட்ட இடம் சிவந்து தடித்தால், மீதி மூட்டை மச்சாள் வீட்டுப் பிள்ளைக்குத்தான்.

அதனால் பிறந்த அளவில் ஒரு சின்னப் பைக்கு மேல் முன்கூட்டி வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மொத்தமாக வாங்குவது லாபமாகிற கட்டம் பிறகு வரும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு எடை ஏறும் வேகம் குறைந்து, ஒரே அளவு மாதக்கணக்கில் ஓடும். அப்போது பெரிய பை வாங்கலாம். விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து வாங்குங்கள். சலுகை ஸ்டிக்கர் ஒட்டிய பையிலும் சில வேளை ஒன்றின் விலை குறைவதில்லை.

வாரம் வாரம் வாங்குவதில் உள்ள வசதி, அளவு மாறியதும் மறு பை வேறு அளவில் எடுக்கலாம், பிரிக்காத பையைத் தெரிந்த கடைக்காரர் மாற்றியும் தருவார். சின்னப் பையில் ஒன்றின் விலை கூட என்பதுதான் இடைஞ்சல். ஒன்லைனில் விலைக்கழிவு நாட்களில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கொழும்பிலிருந்து வருகிற பொதியை நம்பி கடைசிப் பையைப் பிரிக்காதீர்கள்.

இனி மழை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை இங்கே கணக்கு வேறு. ஆரையம்பதியிலோ கல்லடியிலோ இருப்பவருக்கு அடைமழையிலும் நடந்துபோகிற தூரத்தில் கடை உண்டு. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை அப்படியில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக்குவரத்து எவ்வளவோ இலகு. ஆனாலும் வெள்ளம் வந்தால் வெள்ளாவெளி, மண்டூர் பக்கத்து வீதிகளில் தண்ணீர் ஏறும். அம்பாறைப் பக்கம் தண்ணீரைக் கடக்கிற தாழ்ந்த பாதையான கிட்டங்கித் தாம்போதியும் அப்படியே. அங்கே இருப்பவர்கள் ஒக்டோபர் கடைசிக்குள் இரண்டு, மூன்று வாரச் சாமான் எடுத்து வைப்பதில் தப்பே இல்லை. எடுக்கும்போது பாதியை அடுத்த அளவில் எடுங்கள். கொஞ்சம் பெரியதை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம், சிறியதை ஒன்றும் செய்ய முடியாது. பிரிக்காத பையையும் நிலத்தில் வைக்க வேண்டாம். ஈரமும் எலியும் கீழிருந்துதான் வரும்.

இந்த இரண்டு கட்சியும் மறந்துவிடுகிற மூன்றாவது வழி துணி. "இந்த வெக்கைக்கு இதக் கட்டியே வெச்சா புள்ளைக்கு அவியும் மனே" என்று பம்பர்ஸைப் பற்றி அம்மம்மாமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய பருத்திச் சீலையைக் கிழித்து ஓரம் அடித்தால் காசில்லாமல் நெப்பி. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற காய்ந்த காற்று அடிக்கும்போது கொடியில் போட்ட துணி அடுத்த பாலுக்குள் காய்ந்துவிடும். மாரியில்தான் துணி காலை வாரும். விறாந்தையில் இரண்டு நாள் தொங்கியும் ஓரம் மட்டும் குளிர்ந்தபடி இருக்கும். அந்த ஈரத்தோடு கட்டினால் பிள்ளைக்கு இடுக்கில் பூஞ்சைத் தடிப்பு வரலாம். மடித்த ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கைக்குத் தெரியாத ஈரம் அங்கே தெரியும். ஈரமென்றால் மின்விசிறிக்குக் கீழே போட்டு, கடைசியில் ஒரு அயன். கரண்ட் இல்லாத நாளுக்கு இந்த வைத்தியம் உதவாது.

துவாய்த் துணி நெப்பி நிறைய உறிஞ்சும், ஆனால் மழையில் காயவே காயாது. மெல்லிய துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுவது மேல். முப்பது துண்டு இருந்தால் மூன்று நாள் வெயில் வராவிட்டாலும் ஓட்டலாம். துணியை மணக்க வைக்கிற திரவம் சேர்த்துத் துவைத்தால் உறிஞ்சுகிற தன்மை குறைந்துவிடும். பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் பம்பர்ஸ் என்று போகிற வீட்டுக்கு 240 என்ற கணக்கே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குப்பை வண்டி வராத ஊரில் அது இன்னும் பெரிய நிம்மதி. எரிக்கவும் எரியாத, புதைத்தாலும் நாய் கிளறுகிற சாமான் பம்பர்ஸ்.

பால்மாவில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான் கிளினிக்கில் சொல்கிற கணக்கு, அதற்கு எந்தக் கையிருப்பும் தேவையில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கி வைத்த டின் இரவு இரண்டு மணி அழுகைக்குத் திறக்கப்படும், பிறகு தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். டொக்டர் சொல்லித்தான் பால்மா கொடுக்கிறீர்கள் என்றால், மாரியில் பிரிக்காத டின் ஒன்று மேலதிகமாக வேண்டும். திறந்ததை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். டின்னைவிட முக்கியம் தண்ணீரும் அடுப்பும். கொதிக்க வைக்காத தண்ணீரில் எப்போதுமே பால் கரைக்கக் கூடாது, வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால் சொல்லவே வேண்டாம். பேபி சோப், கிறீம் எல்லாம் எப்போதும் கிடைக்கும். ஈரத் துடைப்பான் திறந்தால் காய்ந்துவிடும், பஞ்சும் ஆறிய சுடுதண்ணீரும் போதும். பெரசிற்றமோல் சிரப் ஒன்று இருக்கட்டும், ஆனால் எத்தனை மில்லிலீட்டர் என்பதைப் பிள்ளையின் எடைக்கு ஏற்றபடி கிளினிக்கில் எழுதி வாங்கி போத்தலிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டாம் மாத ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல் வந்தால் அந்தத் துண்டைத்தான் தேடுவீர்கள்.