வால்வ் ஆம்ப் வாங்கப் போறீங்களா, காசு குடுக்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

அப்பாவுக்கு கச்சேரி கேக்குறதுன்னா உசுரு. அவர் ரிட்டையர் ஆனப்போ வீட்டுல நல்ல செட் ஒண்ணு வெச்சுக் குடுக்கணும்னு ரெண்டு வருஷம் சேத்த காசு, ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) 1,60,000 ஸ்பீக்கர் 90,000, மொத்தமும் சென்னையில ஒரு ஷோரூம்ல குடுத்துட்டு இப்ப அவஸ்தைப்படுறோம். கடை பேர் போடல, ஆனா நடந்தத முழுசா சொல்லிடுறேன்.

ஆம்ப் வந்து 300பிங்குற வால்வ் (பழைய ரேடியோல இருக்குற மாதிரி கண்ணாடிக் குழாய்) போட்ட சிங்கிள் எண்டட், அதாவது பவர் கம்மியா தர்ற டிசைன், சேனலுக்கு 8 வாட்ஸ். கடையில டெமோ போட்டாங்க, வயலின் அப்படியே பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருந்துச்சு, அப்பா கண்ண மூடிட்டார். ஆனா அங்க மாட்டியிருந்தது ஆளுயர ஹார்ன் (புனல் மாதிரி வாய் வெச்ச) ஸ்பீக்கர், சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல வர்ற சத்தம், 98 டெசிபல். அது நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாதுன்னதும் "சார் இந்த புக்‌ஷெல்ஃப் எடுத்துக்கோங்க, ரூம் சின்னது தானே, இதே சவுண்டு வரும்"னு சொல்லி பேக் பண்ண பீஸ கையில குடுத்துட்டாங்க, அத மாட்டி காட்டுங்கன்னு கேட்டதுக்கு டெமோ பீஸ் இல்லன்னுட்டாங்க. நான் நம்பிட்டேன்.

அந்த சின்ன ஸ்பீக்கர் 84 டெசிபல். வித்தியாசம் வெறும் 14 தானேன்னு தோணும், ஆனா 3 டெசிபல் ஏறணும்னா வாட்ஸ் டபுள் ஆகணும், 10 ஏறணும்னா பத்து மடங்கு. அப்படின்னா 14க்கு 25 மடங்கு! ஹார்ன்ல 8 வாட்ஸ்ல வந்த சத்தம் இதுல வரணும்னா 200 வாட்ஸ் வேணும். இது விக்கிறவருக்கு தெரியாதா?

வீட்டுல மாட்டுனா ஆலாபனை வரைக்கும் அருமையா இருந்துச்சு, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கிற பகுதி) ஆரம்பிச்சதும் மிருதங்கத்தோட வலது பக்கமான வலந்தலை அடி ஒவ்வொண்ணும் கரகரன்னு மழுங்கிப் போச்சு, இடது பக்கமான தொப்பியோட பேஸ் சத்தம் மட்டும் ஊதிப் பெருத்து வருது. "என்னடா இது, மிருதங்கத்த பானைக்குள்ள வெச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு"ன்னார் அப்பா. கடைக்கு போன் பண்ணா 200 மணி நேரம் ஓடட்டும் சார் செட் ஆகும்னாங்க, ஓட்டுனேன், ஆகல. அப்புறம் கேபிள் மாத்துங்கன்னு 18,000 வாங்கிட்டாங்க, அதுலயும் ஒண்ணும் மாறல.

கடைசியில சர்வீஸ் பண்ற தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வந்து அளந்து பாத்தார். ஸ்பீக்கர் பின்னாடி 8 ஓம்ஸ்னு (கரண்ட்ட தடுக்குற அளவு) தான் போட்டிருக்கு, ஆனா ஒரு ஃப்ரீக்வென்சியில 3 ஓம்ஸ் பக்கம் எறங்குது, அடி பேஸ்ல 25க்கு மேல ஏறுது. ஃபீட்பேக் (அவுட்புட்ட திருப்பி எடுத்து தப்ப சரி பண்ற சர்க்யூட்) இல்லாத இந்த மாதிரி ஆம்புக்கு டேம்பிங், அதாவது ஸ்பீக்கர் மேல இருக்குற பிடி, கம்மி, ஓம்ஸ் ஏறுற எடத்துல சத்தமும் சேந்து ஏறும், தொப்பி ஊதுறதுக்கு அது தான் காரணம்னார். ஸ்பீக்கர் வயர ஆம்ப்ல இருக்குற 4 ஓம்ஸ் டேப்ல (முனையில) மாத்தி மாட்டுனதும் ஊதுறது கொஞ்சம் அடங்குச்சு. கரகரப்பு போகல, பவர் பத்தாததுக்கு டேப் என்ன பண்ணும்.

இதுல எனக்கு ரொம்ப கோவம் வந்த விஷயம் வேற. கடை டெக்னீஷியன் போன்ல "ஸ்பீக்கர் வயர கழட்டிட்டு பாட்ட ஓட விட்டு சூடாகுதான்னு பாருங்க"ன்னார். தயவு செஞ்சு யாரும் இத பண்ணிடாதீங்க. லோட் (ஸ்பீக்கர்) இல்லாம சிக்னல் போனா, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்குற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனே போயிட வாய்ப்பு இருக்கு, அது தான் அந்த ஆம்புலயே வெல ஜாஸ்தியான பார்ட்.

திருப்பி எடுத்துக்க சொன்னா "கேட்டுட்டு தானே வாங்குனீங்க"ன்னு பதில். நாங்க கேட்டது வேற ஸ்பீக்கர்ல. பில், மெசேஜ் எல்லாம் வெச்சுருக்கேன், நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுத்தாச்சு.

8 வாட்ஸ் ஆம்புக்கு 84, 85 டெசிபல் ஸ்பீக்கர் ஜோடின்னு யாராவது கொட்டேஷன் குடுத்திருந்தா, அட்வான்ஸ் கட்டாதீங்க. அதே ஜோடிய மாட்டி, நீங்க வீட்டுல கேக்குற சத்தத்துல, ஒரு தனி ஆவர்த்தனம் முழுசா போட சொல்லுங்க. மாட்ட மாட்டேன்னா எந்திரிச்சு வந்துடுங்க.